மூக்கறியும் மொழி

கிடர்பூரில் குடியிருப்பவன் மணங்களைப் பற்றி எழுதுவதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஒரு பக்கம் கப்பல்துறை. தானிய மூட்டையும், ஈரச் சாக்கும், எண்ணெயும், ஹூக்ளியின் சேறும் கலந்து அங்கிருந்து வீசும் காற்றுக்குத் தனிக் குணம் உண்டு. மறுபக்கம் அலிப்பூர் மிருகக்காட்சிசாலை. 1876-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அங்கே புலிக் கூண்டருகே நின்றவர்கள் கைக்குட்டையைத் தேடியிருப்பார்கள். புலி நாம் காக்க விரும்பும் விலங்கு. துறைமுகக் கிடங்கிலுள்ள வண்டு நாம் ஒழிக்க விரும்பும் உயிர். இரண்டு வேலைக்கும் ஒரே விஞ்ஞானம் உதவுகிறது என்று நான் சொன்னபோது, பொருளாதாரம் படிக்கும் நண்பரொருவர் சிரித்துவிட்டார். விலங்கியல் மாணவன் என்ற முறையில் அவருக்கு நான் தரவேண்டிய விடையே இக்கட்டுரை.

விலங்குகள் மணத்தால் பேசிக்கொள்கின்றன என்பது புதுச் செய்தியன்று. சுவரில் ஊர்ந்து செல்லும் எறும்பு வரிசையின் குறுக்கே விரலால் அழுத்தித் தேய்த்துப் பார்க்காத சிறுவன் நம் ஊர்களில் உண்டா? தேய்த்த இடத்துக்கு வந்ததும் எறும்புகள் தயங்கும், சுற்றும், ஒன்றையொன்று முட்டும். முன்னே சென்ற எறும்பு தரையில் எழுதி வைத்த வழியை நாம் அழித்துவிட்டோம் என்பதே அதன் பொருள். ஆனால் அந்த எழுத்து எந்தப் பொருளால் ஆனது என்று கேட்டு விடை கண்டது 1959-ஆம் ஆண்டில்தான். ஜெர்மானிய இரசாயன அறிஞர் புட்டெனாண்ட், ஏறத்தாழ இருபதாண்டுகள் உழைத்து, ஐந்து இலட்சம் பெண் பட்டுப்பூச்சிகளிலிருந்து ஆண் பூச்சியை அழைக்கும் பொருளைப் பிரித்தெடுத்தார். கிடைத்தது சில மில்லிகிராம். அதற்குப் ‘பாம்பிகால்’ என்று பெயரிட்டார். அதே ஆண்டில் கார்ல்சன், லூஷர் என்ற இருவர், ஓர் உயிர் வெளியிட்டு அதே இனத்தைச் சேர்ந்த மற்றோர் உயிரின் நடத்தையை மாற்றும் பொருள்களுக்கெல்லாம் ‘பெரோமோன்’ என்னும் பெயரைச் சூட்டினர். தமிழில் இதனை இனக்கவர்ச்சிப் பொருள் என்பார்கள். எனக்கு இச்சொல்லில் முழு நிறைவில்லை. எறும்பு வழி காட்டுவதும், புலி எல்லை குறிப்பதும் கவர்ச்சியாகா. ஆதலின் இக்கட்டுரையில் ‘தூதுமணம்’ என்றே எழுதுகிறேன், தமிழாசிரியர்கள் பொறுத்தருள்க.

இனிப் புலிக்கு வருவோம். புலியின் தூதுமணத்தைப் பற்றிய ஆராய்ச்சி இக்கல்கத்தா நகரத்தில்தான் வேர்விட்டது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. இரதன் லால் பிரம்மச்சாரி என்பவர் 1932-ல் டாக்காவில் பிறந்தவர். சத்யேந்திரநாத் போஸின் மாணவராக இயற்பியல் கற்றவர். பின்பு உயிரியலுக்கு மாறி, பராநகரிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பணியாற்றினார். புள்ளியியல் நிறுவனத்தில் புலிக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். அந்நாளில் அங்கே எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது.

அவருக்கு வாய்த்தது ஒரு பெண் புலி. ஒரிசாவின் சிம்லிபால் காட்டில், 1974 அக்டோபரில், கைரி ஆற்றங்கரையில் கிடைத்த குட்டி ஒன்றைப் பழங்குடி மக்கள் புலிக் காப்பகத்தின் இயக்குநரான சரோஜ் ராஜ் சௌதுரியிடம் கொண்டுவந்து கொடுத்தனர். ஆற்றின் பெயரே புலியின் பெயராயிற்று. கைரி கூண்டில் வளரவில்லை. ஜோஷிப்பூரில் சௌதுரியின் வீட்டில், வீட்டுப் பிள்ளையாக வளர்ந்து, 1981-ல் இறந்தது. காட்டுப் புலியின் பின்னால் குப்பியேந்திச் செல்வது எவருக்கும் இயலாத செயல். கைரியின் பின்னால் செல்ல முடிந்தது. பிரம்மச்சாரியும் அவர் கூட்டாளிகளும் அதைத்தான் செய்தனர்.

அவர்கள் கவனித்தது இது. புலி இருவகையாகச் சிறுநீர் கழிக்கிறது. சாதாரணமாகக் கழிப்பது ஒன்று. மற்றொன்று, வாலை நிமிர்த்தி, பின்புறமாகவும் மேல்நோக்கியும் மரத்தின்மீது பீச்சுவது. இரண்டாவதற்கு ‘அடையாள நீர்’ என்று பெயர் வைத்துக்கொள்வோம். மரத்தில் ஏன்? தரையில் விட்டால் மண் உறிஞ்சிவிடும், மழை கரைத்துவிடும். சாய்ந்த மரத்தின் அடிப்பக்கத்தில் பீச்சினால் பல நாள் நிற்கும். அடுத்துவரும் புலி அதை முகர்ந்து, உதட்டைச் சுருட்டி, பல்லைக் காட்டி, முகத்தைச் சுளித்துக்கொண்டு சற்று நேரம் நிற்கும். பார்ப்பவர்களுக்கு அருவருப்பு அடைந்ததுபோல் தோன்றும். உண்மையில் அது வாசிக்கிறது. மேலண்ணத்தில் ஜேக்கப்சன் உறுப்பு என்ற தனி மோப்பக் கருவி உண்டு. காற்றை அதற்குள் இழுக்கும் செயலே அந்த முகச்சுளிப்பு. பீச்சியது ஆணா பெண்ணா, அறிந்த புலியா அயல் புலியா, சென்று எத்தனை நாளாயிற்று, பெண்ணானால் கூடலுக்கு உரிய காலமா என்பனவெல்லாம் அந்த நாற்றத்தில் அடங்கியிருக்கின்றன. இரண்டு புலிகள் நேரில் மோதினால் ஒன்று சாகலாம். எழுதிவைத்துவிட்டுப் போனால் இரண்டும் பிழைக்கும்.

அடையாள நீரின் நாற்றத்துக்குள்ளே ஒரு நறுமணம் இருப்பதை அவர்கள் உணர்ந்தனர். வாசனை அரிசி வேகும்போது எழுகின்ற மணம்! அரிசியின் மணத்துக்குக் காரணமான 2-அசெட்டைல்-1-பைரோலின் என்ற பொருளைக் கலிபோர்னியாவில் பட்டரி என்பவரின் குழு 1980-களின் தொடக்கத்தில் கண்டறிந்திருந்தது. அதே பொருள் புலியின் அடையாள நீரிலும் இருப்பதாகப் பிரம்மச்சாரியும் இரு கூட்டாளிகளும் 1990-ல் ‘நேச்சர்’ இதழில் எழுதினர். நம் சீரகச் சம்பாவின் மணமும், வங்காளிகளின் கோவிந்தபோக் அரிசியின் மணமும், ஈழத்துக் குழம்பில் போடும் ரம்பை இலையின் மணமும் இதே குடும்பத்துச் செய்திதான். மரநாய்க்கு உறவான பிண்டுராங் என்ற விலங்கின்மீது சோளப்பொரி மணம் வீசுவதற்கும் இதுவே காரணம் என்று 2016-ல் வெளிவந்த ஆய்வொன்று கூறுகிறது. உணவு விடுதியில் நண்பர்கள் இனிப் புலவு உண்ணும்போது கைரியை நினைத்துக்கொள்ளலாம்.

ஆனால் கதை இவ்வளவு இனிமையாக முடியவில்லை. 2008-ல் தென்னாப்பிரிக்காவின் ஸ்டெல்லன்பாஷ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பர்கர் குழுவினர் வங்கப் புலியின் அடையாள நீரைப் புதிய கருவிகளால் பகுத்தனர். ஆவியாகும் பொருள்கள் 98-ஐயும், அவற்றோடு கந்தகத்தையும் அடையாளம் கண்டனர். அரிசி மணப் பொருளை மட்டும் காணவில்லை! யார் சொல்வது சரி? என் கருத்தைச் சொல்கிறேன். அப்பொருள் நிலையற்றது, காற்றுப்பட்டால் விரைவில் சிதைவது. அரிசியைக்கூட நெடுநாள் வைத்திருந்தால் மணம் குன்றுவதை வீட்டில் எல்லாரும் அறிவர். கைரியிடமிருந்து சூடு ஆறாமல் முகர்ந்ததும், வேறொரு புலியிடமிருந்து எடுத்துக் கருவியில் ஏற்றியதும் ஒரே விடை தரவேண்டும் என்ற கட்டாயமில்லை. வேறொரு செய்தியில் இரு தரப்பாரும் ஒத்துப்போகின்றனர். பயன் கருதுவோர்க்கு முக்கியமானது அதுதான். அடையாள நீரில் சிறிதளவு கொழுப்பு இருக்கிறது. மணப்பொருள்களை அக்கொழுப்பே பற்றிக்கொண்டு, மெல்ல மெல்ல வெளியே விடுகிறது. அத்தர் வணிகர்கள் சந்தன எண்ணெயில் பூமணத்தை ஏற்றி நிறுத்துவதும் இதே தந்திரம்.

ஆகவே புலியின் செய்தி ஒரு சொல்லன்று. நூறு சொற்களுக்குக் குறையாத கடிதம். இதை மனிதன் போலியாக எழுத முடியுமா? எழுதினால் புலி நம்புமா? வனவிலங்குப் பாதுகாப்பில் தூதுமணத்தைப் பயன்படுத்துவதெல்லாம் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கிறது.

இரண்டு நிகழ்ச்சிகளை எடுத்துக்கொள்வோம். மத்தியப் பிரதேசத்துப் பன்னா காப்பகத்தில் 2009-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் புலியே இல்லாமற் போயிற்று. வேறு காடுகளிலிருந்து இரு பெண் புலிகளைக் கொணர்ந்தனர். நவம்பரில் பெஞ்ச் காட்டிலிருந்து ஓர் ஆண் புலியைக் கொண்டுவந்து விட்டனர். அதுவோ சில நாளிலேயே எல்லையைக் கடந்து, தான் பிறந்த காடு இருக்கும் தென்திசை நோக்கி நடக்கலாயிற்று. வனத்துறையினர் யானைமீதும் வண்டியிலும் ஏறத்தாழ ஒரு மாதம் பின்தொடர்ந்து, டிசம்பர் இறுதியில் மயக்க ஊசியிட்டுத் திரும்பக் கொணர்ந்தனர். மீண்டும் ஓடாதிருக்க என்ன செய்வது? போபாலின் வன விகாரிலிருந்து பெண் புலியின் சிறுநீரைத் தருவித்துக் காட்டில் தெளித்தனர். ஆண் தங்கியது, பெண்ணைச் சந்தித்தது, 2010 ஏப்ரலில் குட்டிகள் பிறந்தன. பன்னாவில் இன்று திரியும் புலிக் குடும்பங்கள் அந்த வழியில் வந்தவை.

மற்றொன்று துயரக் கதை. மகாராஷ்டிரத்தின் பாண்டர்கவடா பகுதியில் பதின்மூன்று பேரைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட பெண் புலி அவனி. அதனைப் பிடிப்பதற்காக 2018-ல் வனத்துறையினர் ‘அப்செஷன்’ என்ற ஆடவர் வாசனைத் தைலத்தைக் காட்டில் தெளித்தனர். இது வேடிக்கையன்று. நியூயார்க்கின் பிராங்க்ஸ் மிருகக்காட்சிசாலையில் 2003-ல் பலவகைத் தைலங்களைச் சிவிங்கிப்புலிகளிடம் சோதித்தபோது இதனையே அவை மிக விரும்பி முகர்ந்தன. அதிலுள்ள சிவிட்டோன் என்பது வேறொன்றுமில்லை, நம் புனுகின் சாரம். திருமலையில் வேங்கடவனுக்குச் சாத்தும் அதே புனுகு! தைலத்தை முகர்ந்த பூனை இனம் ஆவலோடு வருவது உண்மை. ஆனால் வந்து நின்று கூண்டில் ஏறும் என்பது வேறு. அவனி கூண்டில் அகப்படவில்லை. நவம்பர் 2-ஆம் நாள் இரவு சுட்டுக் கொல்லப்பட்டது.

பன்னாவில் தெளித்தது உண்மையான புலியின் உண்மையான கடிதம். அதைப் படித்துவிட்டுத் தேடிய ஆணுக்கு அக்காட்டில் உண்மையாகவே பெண் இருந்தது. பாண்டர்கவடாவில் தெளித்தது புதுமை மட்டுமே. போட்ஸ்வானாவில் காட்டுநாய்க் கூட்டம் எல்லை தாண்டாதிருக்க வேறொரு கூட்டத்தின் எச்சத்தைக் கொணர்ந்து இட்டபோது பலன் தெரிந்ததென்று 2012-ல் எழுதினர். அங்கும் கடிதம் உண்மையானதே. சுந்தரவனத்தில் ஊர்களின் ஓரமாக நைலான் வலை கட்டியிருக்கிறார்கள். அதற்குப் பதிலாகப் புலி மணத்தால் வேலி போடலாமே என்று சிலர் ஆர்வத்தோடு கேட்கின்றனர். தேனெடுக்கவும் நண்டு பிடிக்கவும் காட்டுக்குள் போய்த் திரும்பாதவர்களின் குடும்பங்களை எண்ணினால் எனக்கும் அந்த ஆசை வருகிறது. ஆயினும் நாளுக்கு இருமுறை ஓதம் ஏறி இறங்கும் மண்ணில் எந்த எழுத்து நிற்கும்? நின்றாலும், எழுதிய புலி ஒருநாளும் எதிர்ப்படவில்லையென்றால், படிக்கிற புலி எத்தனை நாள் அஞ்சும்? பாலூட்டிகள் கற்கும் பிராணிகள். பொய்யைக் கண்டுகொள்ளும். வலையை அவிழ்க்கச் சொல்லும் துணிவு எனக்கில்லை.

எலியிடமும் இதே சிக்கல்தான். பிரம்மச்சாரி 1979-ல் புலியின் அடையாளமாகப் பினைல் எத்திலமின் என்ற பொருளைக் குறித்திருந்தார். முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 2011-ல், அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 38 வகைப் பாலூட்டிகளின் சிறுநீரைப் பகுத்து, ஊன் உண்ணிகளிடம் இப்பொருள் மிகுந்திருப்பதையும், எலிகள் இதனை முகர்ந்தவுடன் விலகுவதையும் கண்டனர். சோதனைச்சாலையில் பிறந்து வளர்ந்த எலி தன் வாழ்நாளில் ஊன் உண்ணியின் முகத்தைப் பார்த்ததில்லை, எனினும் அஞ்சுகிறது! இது பிறவியிலேயே வந்த அச்சம். கிடங்குகளில் இதைத் தெளித்துவிட்டால் எலித்தொல்லை தீர்ந்தது என்று அவசரப்படக் கூடாது. மணம் மட்டும் வந்து, அடுத்து அடியோ கடியோ வராவிடில், அச்சம் நாளடைவில் தேய்கிறது. திருச்சிராப்பள்ளி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் அர்ச்சுனன் குழுவினர் எதிர்வழியில் சென்றனர். எலியை விரட்டாமல், அழைக்கப் பார்த்தனர். எலியின் சுரப்பியிலிருந்து பார்னெசால் என்ற பொருளை இனங்கண்டனர். புது இரையைச் சந்தேகிப்பது எலியின் குணம். தன் இனத்தின் மணம் கலந்திருந்தால் அந்தச் சந்தேகம் தளரக்கூடும். எனக்கு இவ்வழியே நல்லதாகப் படுகிறது.

பூச்சிகளின் உலகம் முற்றிலும் வேறு. 1996-ல் ராஸ்முசன் அம்மையார் குழுவினர் ஒரு விந்தையைக் கண்டனர்: ஆசியப் பெண் யானை கூடலுக்குரிய காலம் நெருங்கும்போது சிறுநீரில் விடும் தூதுப்பொருளும், நூற்றுக்கு மேற்பட்ட அந்துப்பூச்சி இனங்கள் பயன்படுத்தும் பொருளும் ஒன்றே! யானைக்கும் அந்துக்கும் குழப்பம் வராததேன்? பூச்சி விடுவது மிகமிக நுண்ணிய அளவு. அதுவும் வேறு பொருள்களோடு குறித்த விகிதத்தில் கலந்து விடுகிறது. நெல்லின் மஞ்சள் குருத்துப்பூச்சிக்கு இரு பொருள்கள் ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் வேண்டும். விகிதம் சரியானால் போதும். ஆண் அந்து எதையும் ஆராயாமல் பறந்து வரும். அதற்கு வாழ்நாளே சில நாள். கற்பதற்கு நேரமில்லை. ஆகையால் புலியிடம் எடுபடாத பொய்க் கடிதம் பூச்சியிடம் எடுபடுகிறது. இரப்பர்க் குப்பியில் ஒரு மில்லிகிராம், இரண்டு மில்லிகிராம் மருந்தை ஏற்றிப் பொறியில் வைத்தால், வாரக்கணக்கில் அழைத்துக்கொண்டே இருக்கும்.

தானியக் கிடங்குகளில் கப்ரா வண்டு என்றொன்று உண்டு. பெயரே இந்தியில் ஓடு, செங்கல் என்பதிலிருந்து வந்தது. சுவர் இடுக்கில் ஒளிந்துகொள்வதால். நம் நாட்டில் தோன்றி உலகத்தையே அச்சுறுத்தும் பூச்சி. இதன் புழு உணவின்றி ஆண்டுக்கணக்கில் கிடந்து, தானியம் வந்ததும் மீண்டும் எழும். கண்ணால் தேடினால் அகப்படாது. தூதுமணத்தோடு கோதுமை முளை எண்ணெயும் சேர்த்து வைத்த சிறு பொறி இதைக் காட்டிக்கொடுக்கும். ஆண் வண்டு மணத்துக்கும் புழு எண்ணெய்க்கும் வந்து சிக்கும். இங்கே பொறி கொல்வதற்கன்று; காவல் காப்பதற்கு. ஒரு வண்டு விழுந்தால் போதும், அந்தக் கிடங்கு முழுவதையும் சோதிக்க வேண்டும்.

வயலில் இன்னும் கவனம் தேவை. கத்தரிக்காய்ப் புழுவை எடுத்துக்கொள்வோம்; வங்காளத்திலும் தமிழ்நாட்டிலும் இதனால் அழியாத தோட்டம் இல்லை. முட்டையிலிருந்து வெளிவந்த புழு சில மணி நேரத்துக்குள் தண்டையோ காயையோ துளைத்து உள்ளே போய்விடும். பின்பு மேலே எவ்வளவு நஞ்சு தெளித்தாலும் புழுவுக்கு எட்டாது, நமக்குத்தான் எட்டும். உழவர் ஒரு பருவத்தில் பல பத்து முறை தெளிக்கிறார். தெளிப்பவர் அதைச் சுவாசிக்கிறார். மறுநாள் பறித்த காய் சந்தைக்கு வருகிறது. இங்கே இனக்கவர்ச்சிப் பொறி பேருதவி. ஆயினும் விற்பனையாளர் சொல்லாத ஒன்றுண்டு: இப்பொறியில் விழுவன ஆண் அந்துகள் மட்டுமே. ஓர் ஆண் பல பெண்களோடு கூடும். பத்தில் ஐந்து ஆணைப் பிடித்தாலும் மீதி ஐந்து வேலையை முடித்துவிடும். ஊரில் ஒருவர் மட்டும் நான்கு பொறி வைத்துவிட்டுப் பலனில்லை என்று சலிப்பது இதனால்தான். பொறிகள் நெருக்கமாக இருக்க வேண்டும். அக்கம்பக்கத்தார் எல்லாரும் வைக்க வேண்டும். வாடிய தண்டுகளை நாள்தோறும் கிள்ளி அழிக்க வேண்டும்.

தென்னையில் நிலைமை நமக்குச் சாதகம். சிவப்புக் கூன்வண்டு இளந்தென்னையின் தண்டுக்குள் புகுந்து, குருத்து சாயும்வரை வெளியே தெரியாமல் தின்னும். இதில் ஆண் வண்டே மணம் விடுகிறது, அதுவும் ஆண் பெண் இருபாலாரையும் உணவுக்கும் கூட்டத்துக்கும் அழைக்கும் மணம். பெரூஜினியால் என்ற அப்பொருள் 1993-ல் வெளியாயிற்று. ஆகவே இப்பொறியில் முட்டையிடும் பெண்ணும் வந்து விழும். ஒரு பெண் போனால் சில நூறு முட்டைகளும் போயின. வாளியின் பக்கங்களில் துளையிட்டு, மேலே மணக் குப்பியைக் கட்டி, உள்ளே வெல்லத் தண்ணீரில் கரும்புத் துண்டோ பழமோ போட்டு வைப்பார்கள். நீர் வற்றினால் வண்டு வந்து பார்த்துவிட்டுப் பக்கத்து மரத்துக்குப் போய்விடும். அழைத்த விருந்தாளியை அயல்வீட்டுக்கு அனுப்பிய கதைதான். விடுமுறைக்குத் தஞ்சைக்கோ, பொள்ளாச்சிக்கோ, நெல்லைக்கோ போகும் நண்பர்கள் தோப்பில் அப்படியொரு வாளியைக் கண்டால், விழுந்திருப்பவற்றை எண்ணிப் பாருங்கள். வளைந்த மூக்கின்மேல் மயிர்க்கற்றை இருந்தால் ஆண். மூக்கு வழுவழுப்பாக இருந்தால் பெண்.